ஒயர்மேன் வீட்டிலிருந்து ஒப்பந்த நிறுவனம் வரை: குடும்ப மின் ஒப்பந்தத் தொழிலில் இறங்குவோருக்கு

மின் ஒப்பந்த நிறுவனங்கள் பல, திட்டம் தீட்டித் தொடங்கப்பட்டவை அல்ல. ஒருவர் ஒயரிங் கற்றுக்கொள்கிறார். தெரிந்தவர் ஒருவர் நம்பித் தம் வீட்டு வேலையைக் கொடுக்கிறார். வேலை கூடியதும் தம்பியையோ மைத்துனரையோ சேர்த்துக்கொள்கிறார். மனைவி கணக்கு நோட்டை எழுதத் தொடங்குகிறார். பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அது ஒரு நிறுவனம் என்பது அவர்களுக்கே தெரியவருகிறது. எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது. அதனால் நாங்கள் தாமதமாகச் செய்த பல வேலைகளைத் தொடக்கத்திலேயே செய்துவிடுமாறு சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கும், தந்தையோ தாய்மாமனோ நடத்திவரும் தொழிலில் இப்போது கால் வைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இது பொருந்தும். உரிமம், வரி பற்றிய செய்திகள் தமிழ்நாட்டை வைத்துச் சொல்லப்பட்டவை.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் மின் நிலையம் 1937-லும் இயங்கத் தொடங்கின. தமிழ்நாடு மின்சார வாரியம் 1957-ல் அமைந்தது. கொங்குப் பகுதியின் ஆழ்ந்த கிணறுகளுக்கு மோட்டார் வந்தபோது, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் கடைகளும் கூடவே வந்தன. காயில் கட்டியவரிடம் ஸ்டார்ட்டர் பழுது வந்தது, பிறகு மோட்டார் அறைக்கு ஒயரிங், பிறகு மில்லுக்குப் பேனல் போர்டு என்று வேலை விரிந்தது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையன்று. பழத்தோட்டங்கள் நிறைந்திருந்த கலிபோர்னியாவின் சான் ஹோசே பகுதியில் 1919-ல் மோட்டார் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கிய ரோசெண்டின் என்ற குடும்ப நிறுவனம், இன்று அமெரிக்காவின் பெரிய மின் ஒப்பந்த நிறுவனங்களுள் ஒன்று. தலைமுறைகள் கடந்தபின் அது தன் பணியாளர்களின் உடைமையாகவே மாறிவிட்டது. மும்பையில் 1927-ல் வில்சன் எலக்ட்ரிக் வொர்க்ஸ் என்ற பெயரில் பிறந்ததுதான் பின்னாளின் ஸ்டெர்லிங் அண்ட் வில்சன். இவற்றின் அளவை நாம் எட்டுவோமா என்பது வேறு கேள்வி. ஆனால் நிறுவியவரின் கைத்திறமையில் இருந்த நம்பிக்கை, அவர் கையை விட்டு நிறுவனத்தின் பெயருக்கு இடம் மாறிய பிறகே இவை வளர்ந்தன. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த இடமாற்றத்தைப் பற்றியதுதான்.

முதல் படி: கையும் சான்றிதழும்

சட்டத்திலிருந்து தொடங்குவோம். மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில், அனுமதி பெற்ற பணியாளர்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது பழைய 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதியிலிருந்தே இருந்துவருகிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-ல் வகுத்து, 2023-ல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன. பல்பு மாற்றுவது போன்ற சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு; வீடு முழுக்க ஒயரிங் செய்வதற்கு இல்லை.

தமிழ்நாட்டில் இச்சான்றுகளைச் சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயங்கும் மின் உரிம வாரியம் வழங்குகிறது. உதவியாளருக்கு எச், ஒயர்மேனுக்கு பி, மேற்பார்வையாளருக்கு சி என்று சான்றுகள் உள்ளன. ஐடிஐ-யில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் பிரிவு படித்துத் தொழில் பழகுநர் பயிற்சியும் முடிப்பது நேர்வழி. பள்ளியைப் பாதியில் விட்டு, வேலையிடத்திலேயே தொழில் கற்றவருக்கும் வழி அடைபடவில்லை. அவர்களுக்கென்றே மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. பல ஆண்டுகளாக நம்மோடு வேலை செய்யும் ஒருவரை அந்தத் தேர்வுக்கு அனுப்புவதும், அதற்கான அனுபவச் சான்றை நேர்மையாக எழுதித் தருவதும் முதலாளியின் கடமை. சான்று வந்ததும் ஆள் வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்று அஞ்சி அதைத் தள்ளிப்போடும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. அப்படித் தள்ளிப்போட்டால், உரிமத்துக்குத் தேவையான ஆட்கள் நமக்கே இல்லாமல் போவார்கள்.

பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ முடித்துவிட்டு நேரே அலுவலக நாற்காலியில் வந்து உட்காரும் முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டுகளாவது வேலையிடத்தில் நில்லுங்கள். முடிந்தால் முதல் ஆண்டை வேறொரு நிறுவனத்தில் கழியுங்கள். தளம் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பிக் கட்டுக்கு நடுவே பைப் ஓட்டுவது, சுவரில் பைப் பதிக்கக் காடி (நீண்ட பள்ளம்) எடுப்பதற்குக் கொத்தனாரோடு நேரம் ஒத்துப்போவது, வளைவுகள் மிகுந்த பைப்பில் ஒயர் இழுக்கும்போது எங்கே சிக்கும் என்று அறிவது ஆகிய எதுவும் வரைபடத்தில் தெரியாது. பட்டப்படிப்புடன் உரிய அனுபவம் இருந்தால் சி சான்று பெறலாம் என்பதால், அந்த ஆண்டுகள் வீணாவதும் இல்லை.

இரண்டாம் படி: யார் பெயரில் நிறுவனம்?

இந்த ஒரு படியில் பொறுமையாக இருங்கள். தொடங்கும்போது அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும் இந்த வேலை, இருபது ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தையே உலுக்கக்கூடியது.

பெரும்பாலும் தந்தை தனிநபர் உரிமையாளராகத் தொடங்குவார். செலவு குறைவு, கணக்கு எளிது. ஆனால் தனிநபர் நிறுவனத்துக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. பான் எண், ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கணக்கு எல்லாமே அவருடையவை. அவர் மறைந்தால், வாரிசு தன் பெயரில் புதிதாக ஜிஎஸ்டி பதிவு பெற்று, மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை (பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை) அதற்கான படிவத்தின் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒப்பந்த உரிமமும் நிலத்தைப் போலத் தானாகப் பிள்ளை கைக்கு வந்துவிடாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் கேட்கப்படும் முன்அனுபவச் சான்றுகள் எல்லாம் தந்தையின் பெயரில் இருக்கும். முப்பது ஆண்டுகள் வேலை செய்த குடும்பம், காகிதத்தில் நேற்றுப் பிறந்த நிறுவனமாக நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டு அண்ணன் தம்பிகள் சேர்ந்து செய்வதாக இருந்தால் கூட்டு நிறுவனம் பொருத்தமானது. ஆனால் 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். ஆகவே ஒருவர் மறைந்தாலும் மற்றவர்கள் தொடர்வார்கள், இறந்தவரின் பங்கு இன்ன முறையில் கணக்கிடப்பட்டு வாரிசுகளுக்குத் தரப்படும் என்ற விதியை ஒப்பந்தப் பத்திரத்தில் கட்டாயம் எழுதுங்கள். பத்திரம் எழுதினால் மட்டும் போதாது, நிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம், பணம் தராத வாடிக்கையாளர்மீது ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குத் தொடுக்க முடியாது. வேலை பெருகியவர்கள் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) அல்லது பிரைவேட் லிமிடெட் அமைப்புக்கு மாறலாம். அவற்றுக்கு உறுப்பினரின் ஆயுளோடு தொடர்பற்ற தனி இருப்பு உண்டு, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யும் செலவும் உண்டு.

அமைப்பை முடிவுசெய்த பிறகே ஒப்பந்ததாரர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். இஎஸ்ஏ, இஏ, இஎஸ்பி, இபி எனத் தரங்கள் உள்ளன. எந்த மின்னழுத்தம் வரை வேலை செய்யலாம், எத்தனை மேற்பார்வையாளரும் ஒயர்மேனும் வேலையில் இருக்க வேண்டும், என்னென்ன சோதனைக் கருவிகள் சொந்தமாக வேண்டும் என்பன தரத்துக்குத் தரம் வேறுபடும். விண்ணப்பிக்கும் நாளில் வாரியம் வெளியிட்டிருக்கும் பட்டியலையே நம்புங்கள், நண்பர் சொன்ன பழைய பட்டியலை அன்று. மேற்பார்வையாளரின் சி சான்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆளே வேலைக்கு வராத ‘வாடகைச் சான்று’ ஏற்பாட்டைச் சிலர் எளிய வழியாகச் சொல்வார்கள். விபத்து நடந்தால் கையெழுத்திட்டவரும் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் குடும்பத்துக்குள்ளேயே ஒருவராவது இருப்பது நல்லது.

மூன்றாம் படி: விலை சொல்வது

வீட்டு வேலையில் பாயிண்ட் கணக்கு இன்றும் நிலைத்திருக்கிறது: லைட் பாயிண்டுக்கு இவ்வளவு, பவர் பாயிண்டுக்கு இவ்வளவு. விலை சொல்லுமுன் எது ஒரு பாயிண்ட் என்பதை எழுதிவிடுங்கள். இருவழிச் சுவிட்ச் ஒன்றா இரண்டா, மாடிப்படி விளக்கு எப்படி, ஏசி பாயிண்டுக்கு டிபி பாக்ஸிலிருந்து (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) தனியே 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஓடுவதும் அதில் அடங்குமா, காடி எடுத்த இடத்தைப் பூசுவது யார் வேலை என்பவற்றில்தான் சண்டை வரும். பொருளோடு சேர்த்து எடுக்கும் வேலையில் கம்பெனியின் பெயர், சுவிட்ச் வரிசை, ஒயரின் அளவு, சுருளின் எண்ணிக்கை வரை குறிப்பிடுங்கள். கூலிக்கு மட்டும் எடுக்கும் வேலையில், வாடிக்கையாளர் வாங்கித் தரும் ஒயர் ஐஎஸ் 694 என்ற இந்தியத் தர முத்திரை கொண்டதாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மட்டமான ஒயர் சூடானால் பழி ஒயரிங் செய்தவர்மீதுதான் விழும்.

செம்பின் விலை உங்கள் கையில் இல்லை. ஒரு வேலையை 10 லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, அதில் ஒரு லட்சம் மிஞ்சும் என்று கணக்கிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒயர், கேபிள் செலவு மட்டும் இரண்டரை லட்சம் என்றால், கட்டடம் எழும்பும் எட்டு மாதத்தில் அவற்றின் விலை எட்டு விழுக்காடு ஏறினாலே 20,000 ரூபாய், அதாவது இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு, போய்விடும். ஆகவே விலை இத்தனை நாளுக்குத்தான் செல்லும் என்று எழுதுங்கள்; முன்பணத்தைக் கொண்டு முதலில் ஒயரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முன்பணத்தை எடுத்து முந்தைய வேலையின் கடனை அடைக்கும் பழக்கம் ஒருமுறை தொடங்கிவிட்டால், ஒவ்வொரு வேலையும் முந்தைய வேலைக்காகவே நடக்கும்.

நான்காம் படி: வேலையைப் பதிவு செய்வது

தரம் என்றால் ஐஎஸ் 732 ஒயரிங்குக்கும், ஐஎஸ் 3043 எர்த்திங்குக்கும் உரிய விதித்தொகுப்புகள். இரண்டையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திலிருந்து பெற்று அலுவலகத்தில் வையுங்கள். ஒவ்வொரு வேலை முடியும்போதும் ஒரு சோதனைத் தாள் நிரப்பப்பட வேண்டும்: 500 வோல்ட் மெக்கரால் (மின்காப்பை அளக்கும் கருவி) அளந்த மின்காப்புத் தடை (ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது), எர்த் தடை, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்மையில் விழுகிறதா என்ற சோதனை, ஒவ்வொரு பிளக்கிலும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் முறைப்படி இருக்கின்றனவா என்ற குறிப்பு. எர்த் தடையை அளந்த மாதத்தையும் எழுதுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த மண்ணில் வரும் அளவு சித்திரையில் வராது.

என் தந்தை பைப் ஓடிய வழிகளை நினைவிலேயே வைத்திருந்தவர். பத்தாண்டுக்கு முந்தைய வீட்டில்கூட, சுவரைத் தட்டிப் பார்த்து இங்கேதான் போகிறது என்று சொல்வார். அவர் ஊரில் இல்லாத ஒரு நாளில், நாங்கள் செய்த வீடு ஒன்றில் மரவேலை செய்தவர் ஆணி அடித்து, அது பைப்புக்குள் இருந்த ஒயரைத் துளைத்துவிட்டது. எங்கே வெட்டிப் பார்ப்பது என்று தெரியாமல், புதிதாக வர்ணம் பூசிய சுவரை மூன்று இடங்களில் உடைத்தோம். அன்று முதல், கான்கிரீட்டுக்கு முன்பும் பூச்சுக்கு முன்பும் அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து, வீட்டின் பெயரில் ஒரு கோப்பில் வைக்கிறோம். செலவே இல்லாத வேலை இது. அடுத்த தலைமுறைக்கு நீங்கள் விட்டுச்செல்லும் சொத்துகளில் இந்தக் கோப்புகளும் சேரும். பழைய வாடிக்கையாளர் சோலார் பொருத்தவோ மாடி எழுப்பவோ நினைக்கும்போது, வரைபடம் உங்களிடம்தான் இருக்கிறது என்பதாலேயே உங்களை அழைப்பார்.

ஐந்தாம் படி: பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது

வேலையில்லாமல் மூடப்படும் ஒப்பந்த நிறுவனங்களைவிட, வேலை மிகுந்து பணம் சுழலாமல் மூடப்படுபவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பொருளோடு சேர்த்து எடுக்கும் வேலையில் பொருளின் விலையும் விற்றுமுதலில் சேர்வதால், சிறு நிறுவனமும் இந்த வரம்பை விரைவில் தொட்டுவிடும். இத்தகைய பணி ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 18 விழுக்காடு வரி. வரி, பில் போட்ட மாதத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பணம் வந்த மாதத்தைக் கொண்டு அன்று. மாதந்தோறும் தாக்கல் செய்பவர் 5 லட்சத்துக்கு ரன்னிங் பில் (அதுவரை முடிந்த வேலைக்கான இடைக்காலப் பில்) கொடுத்தால், வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும், 90,000 ரூபாய் வரியில் உள்ளீட்டு வரவு போக மீதியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே பொறியாளர் அளவை ஒப்புக்கொண்ட பிறகே பில் போடுங்கள். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு வரவு கிடைக்காது. பில் தந்தும் தன் கணக்கைத் தாக்கல் செய்யாத கடைக்காரராலும் அதே இழப்புதான்.

இதன்மேல் பிடித்தங்கள் வரும். வருமான வரியாகத் தனிநபர் ஒப்பந்ததாரருக்கு 1 விழுக்காடும், கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் 2 விழுக்காடும் பிடிப்பார்கள். அரசுத் துறைகள் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் ஜிஎஸ்டிக்காக மேலும் 2 விழுக்காடு பிடிக்கும். பழுது பொறுப்புக் காலத்துக்கென்று ஒப்பந்தப்படி நிறுத்திவைக்கும் தொகை தனி: 40 லட்ச ரூபாய் வேலையில் 5 விழுக்காடு என்றால் 2 லட்சம் ஓராண்டு முடங்கும். வரிப் பிடித்தங்களைத் தாக்கலின்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். நிறுத்திவைத்த தொகையைக் கேட்டு வாங்காவிட்டால் யாரும் தேடிவந்து தரமாட்டார்கள். சுவரில் ஒரு பலகை வைத்து, எந்த வேலையின் நிறுத்திவைப்பு எந்தத் தேதியில் விடுபடும் என்று எழுதி வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பலகை என் தாயாரின் பொறுப்பில் இருந்தது. அவர் தொலைபேசியில் கேட்டால் மறுப்பவர் குறைவு.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான, கட்டணமில்லாத உத்யம் பதிவையும் செய்துகொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பணி ஒப்பந்தங்களுக்கு அது பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களின் கருத்து ஒன்றுபோல் இல்லை என்பதால், அதை மட்டும் நம்பிக் கடனுக்கு வேலை செய்யாதீர்கள்.

ஆறாம் படி: ஆட்கள்

பத்துப் பேர் சேர்ந்ததும் இஎஸ்ஐ, இருபது பேர் சேர்ந்ததும் வருங்கால வைப்பு நிதி என்ற வரம்புகள் உள்ளன. அதற்குக் குறைவான ஆட்கள் இருக்கும்போதும் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுங்கள். ஒயர்மேன்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்யச் செய்யுங்கள். வேலையிடத்தில் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே சட்டைப் பையில் வைத்திருக்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்து கொண்டுவாருங்கள். லைன் போன பின்பும் இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் திருப்பி மின்சாரம் அனுப்பக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் மறந்துபோகும். உறவினர் என்பதற்காக இதில் யாருக்கும் விலக்கு வேண்டாம், சம்பளத்திலும் அப்படியே. மைத்துனருக்குப் பதிவேட்டில் இல்லாத தொகையும், மற்றவருக்குப் பதிவேட்டுச் சம்பளமும் தரும் நிறுவனத்தில் நல்ல ஒயர்மேன் தங்கமாட்டார்.

ஏழாம் படி: எந்தப் பக்கம் வளர்வது

எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வளர முயல வேண்டாம். வீடுகளிலிருந்து அடுக்குமாடிக்கும், அங்கிருந்து சிறு தொழிற்சாலையின் பேனல், கேபிள் வேலைக்கும் போவது இயல்பான ஏணி. பொதுப்பணித் துறையின் மின் பிரிவில் பதிவு செய்து அரசு வேலை எடுப்பது இன்னொரு வழி. அங்கே இலாபம் மெல்லியது, பணம் மெதுவாக வரும், ஆனால் கிடைக்கும் அனுபவச் சான்று பெரிய கதவுகளைத் திறக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிஎம் சூர்ய கர் திட்டத்தால் வீட்டு மாடி சோலார் வேலை பெருகியிருக்கிறது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு மத்திய மானியம் 78,000 ரூபாய் வரை; அது வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கே போகும். மானியத்தை முன்னதாகவே விலையில் கழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வாங்க அலையும் நிலைக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே செய்த வீடுகளின் கோப்புகள் உங்களிடம் இருந்தால், இந்த வேலைக்கு விளம்பரம் தேவைப்படாது.

எட்டாம் படி: கைமாற்றம்

தந்தை நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள். உரிமம், சான்றுகள், காப்பீடு, கூட்டாண்மைப் பத்திரம் ஆகியவற்றின் புதுப்பிப்புத் தேதிகளை ஒரே தாளில் எழுதி இருவர் கையில் வையுங்கள். வங்கியில் கையெழுத்திடும் உரிமையை இருவருக்கு ஆக்குங்கள். விலை சொல்லும் பொறுப்பை முதலில் சிறு வேலைகளில் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ கொடுத்து, ஓராண்டு கழித்துச் சொன்ன விலையையும் ஆன செலவையும் தந்தையும் அவரும் உட்கார்ந்து ஒப்பிடட்டும். தொழிலில் இல்லாத மற்றப் பிள்ளைகளின் பங்கு என்ன என்பதையும் அப்போதே பேசி எழுதுங்கள்.

கடைசியாகத் தொலைபேசி எண். முப்பது ஆண்டு வாடிக்கையாளர்கள் எல்லோரும் தந்தையின் சொந்த எண்ணைத்தான் வைத்திருப்பார்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, அவருக்கு வேறு எண் வாங்கிக் கொடுங்கள். பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளை ஆறு மாதம் நீங்கள் எடுங்கள்; அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு செய்த வீடு என்று சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.